எலும்பும் ஈரலும் சேர்ந்த இரை

வளர்ந்த ஃபெரெட் ஒன்று காலை 7 மணிக்கு விழுங்கிய உணவு 10, 11 மணிக்குள் கழிவாக வெளியேறிவிடுகிறது. வாயில் தொடங்கிக் குடலின் கடைசி வரை மூன்று, நான்கு மணி நேரப் பயணம்தான். அந்தக் குறுகிய நேரத்துக்குள் எதைச் செரிக்க முடிகிறதோ அதுதான் அந்த உடம்புக்கு உணவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஃபெரெட் வளர்ப்பவர்களில் ஒரு பகுதியினர் உலர் உணவைக் கைவிட்டு, பச்சை இறைச்சிக்கும் முழு இரைக்கும் மாறுவதற்கான காரணம் இந்தக் குடலில் தொடங்குகிறது. அவர்களுடைய எண்ணம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்களில் பலர் ‘பச்சை’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘முழு’ என்பதை விட்டுவிடுகிறார்கள். எலும்பு நீக்கிய கோழிக்கறியை மட்டும் மாதக்கணக்கில் தின்ற ஃபெரெட், கடை உணவு தின்ற ஃபெரெட்டைவிட மோசமான நிலைக்கு வந்து சேரும்.

நம் ஊரில் ஃபெரெட்டை நேரில் பார்த்தவர்கள் குறைவு. நீண்டு மெலிந்த உடல், குட்டைக் கால்கள், கூரிய முகம் என்று முதல் பார்வைக்குக் கீரிப்பிள்ளை போலவே இருக்கும். ஆனால் உறவு வேறு. கீரி பூனைப் பக்கத்துக் கிளையைச் சேர்ந்தது. ஃபெரெட்டோ நீர்நாய்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலகிரி மார்ட்டெனும் அடங்கிய மஸ்டெலிடே குடும்பத்து விலங்கு. அதன் காட்டு மூதாதை ஐரோப்பிய போல்கேட். முயல், எலி, தவளை, பறவை என்று பிடித்துத் தின்னும் விலங்கு அது. தவளைகளைக் கடித்துச் செயலிழக்கச் செய்து, வளையில் சேமித்து வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. வீட்டு ஃபெரெட் சோஃபாவுக்கு அடியில் உணவைக் கொண்டுபோய் ஒளித்து வைப்பது அந்தப் பழக்கத்தின் மிச்சம். இந்த விவரம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

மனிதர் ஃபெரெட்டைப் பழக்கி 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஸ்பெயின் பகுதியில் முயல்கள் பெருகி விளைநிலத்தை அழித்தபோது, வாய்க்கட்டு போட்ட சிறு வேட்டை விலங்குகளை வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டியதைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அவை ஃபெரெட்டுகள்தாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. வாய்க்கட்டு எதற்கு என்பதை இன்றும் முயல் வேட்டைக்குப் போகும் ஆங்கிலேயர்கள் சொல்வார்கள். கட்டாமல் விட்டால் ஃபெரெட் வளைக்குள்ளேயே முயலைக் கொன்று, வயிறு முட்டத் தின்று, அங்கேயே சுருண்டு தூங்கிவிடும்.

இவ்வளவு அப்பட்டமான ஊனுண்ணிக்கு இங்கிலாந்தில் நெடுங்காலம் கொடுக்கப்பட்ட உணவு, பாலில் ஊறிய ரொட்டி. இறைச்சி கொடுத்தால் மூர்க்கம் ஏறிவிடும், கையைக் கடிக்கும் என்றொரு நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வளர்ந்த ஃபெரெட்டின் குடலில் மிகக் குறைவு என்பதால் அந்த ஃபெரெட்டுகளுக்கு வயிற்றுப்போக்கு ஓயாது. வேட்டைக்குப் போன நாளில் கிடைத்த முயல் குடலும் தலையும் ஈரலும்தான் அவற்றைக் காப்பாற்றியிருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஃபெரெட் செல்லப்பிராணியாகப் பரவியபோது, அதன் உறவு விலங்கான மிங்க்கின் பண்ணைத் தீவனமும் பூனை உணவும் தட்டுக்கு வந்தன. பிறகு ‘ஃபெரெட்டுக்கென்றே’ என்ற பெயருடன் உலர் உருண்டைகள் வந்தன.

இனி உடம்பின் அமைப்பு. வளர்ந்த ஃபெரெட்டுக்கு 34 பற்கள். கன்னப் பக்கத்தில் மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசி வெட்டும் கத்தரிப் பற்கள் உண்டு. தாடை மேலும் கீழும்தான் இயங்கும். நம்மைப் போலப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க அதனால் முடியாது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் முயலுக்குப் பெரிதாகவும் நமக்குச் சிறிதாகவும் இருக்கும் பை ஃபெரெட்டுக்கு அடியோடு இல்லை. அந்த இடத்தில் உணவைத் தடுத்து நிறுத்தும் வால்வும் இல்லை. ஆகவே நார்ச்சத்தை நொதிக்க வைத்துப் பயன்படுத்த இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. வேகமாகச் செரிக்கும் புரதம், கொழுப்பு இரண்டையும் நம்பியே அது வாழ்கிறது. உலர் எடையில் 30 முதல் 40 சதவீதம் விலங்குப் புரதம், 15 முதல் 20 சதவீதத்துக்குக் குறையாத கொழுப்பு, நார் மிகமிகக் குறைவு என்பதே கால்நடை மருத்துவ நூல்கள் வழக்கமாகத் தரும் அளவு. ஒரு நாளில் எட்டு, பத்து முறை சிறிது சிறிதாகத் தின்னும். பசி பொறுக்காது.

உலர் உணவின் சிக்கல் அதன் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது. மாவைச் சூடும் அழுத்தமும் கொடுத்து, துளை வழியே பிதுக்கி, உருண்டையாக வெட்டுகிறார்கள். அந்த உருண்டை உதிராமல் நிற்க மாவுச்சத்து வேண்டும். சோளமோ அரிசியோ உருளைக்கிழங்கோ பட்டாணியோ ஏதாவது ஒன்று உள்ளே இருந்தே தீரும். ‘தானியம் இல்லாதது’ என்று உறையில் அச்சிட்டாலும் பட்டாணி மாவு இருக்கும். தண்ணீர் 10 சதவீதத்துக்கு உட்பட்டே இருக்கும். எலியின் உடலிலோ எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஆக, உலர் உணவு தின்னும் ஃபெரெட் தன் இரையிலிருந்து பெறவேண்டிய நீரையும் கிண்ணத்திலிருந்து குடித்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

மாவுச்சத்துக்கும் ஃபெரெட்டின் நோய்களுக்கும் தொடர்பு உண்டா? இங்கே நிதானம் தேவை. நடுவயது தாண்டிய ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலினோமா என்னும் கட்டி வருவது அமெரிக்காவில் மிகச் சாதாரணம். கட்டி கட்டுப்பாடின்றி இன்சுலினைச் சுரக்கும், ரத்தச் சர்க்கரை சரியும். வெறித்துப் பார்ப்பது, எச்சில் வடிவது, வாயை முன்னங்காலால் பிறாண்டுவது, பின்னங்கால் தளர்வது, முற்றினால் வலிப்பு என்று போகும். முயலும் எலியும் கொடுத்து வளர்க்கும் வழக்கம் இருந்த நாடுகளில் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது என்பதை வைத்து, மாவுச்சத்து மிகுந்த உணவு கணையத்தை ஓயாமல் தூண்டியதே காரணம் என்று சில கால்நடை மருத்துவர்கள் வாதிட்டார்கள். வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் அது நிரூபணம் ஆகவில்லை. அந்த நாடுகளின் ஃபெரெட் வம்சங்கள் வேறு. அமெரிக்காவில் ஃபெரெட்டுகள் பெரும்பாலும் சில வாரக் குட்டிகளாக இருக்கும்போதே கருத்தடை அறுவை செய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன, பிற நாடுகளில் அப்படி இல்லை. காரணங்கள் பல பின்னிக் கிடக்கின்றன. பச்சை உணவு கொடுத்தால் இன்சுலினோமா வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். மாவுச்சத்து இந்த விலங்குக்குத் தேவையில்லை என்பது மட்டும் உறுதி.

தேவை என்ன என்பதற்கான விடை ஒரு முழுச் சுண்டெலியில் இருக்கிறது. அதன் நீரை நீக்கிவிட்டால் மிஞ்சும் பொருளில் பாதிக்கு மேல் புரதம், ஏறத்தாழக் கால் பங்கு கொழுப்பு. மாவுச்சத்து பெயரளவுக்குத்தான். எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, இதயத்தில் டாரின் என்னும் அமினோ அமிலம், ரத்தத்தில் இரும்பு, தோலிலும் மயிரிலும் செரிக்காத புரத நார் என்று எல்லாம் உரிய விகிதத்தில் ஒரே தோலுக்குள் அடங்கியிருக்கின்றன. இந்தத் தோலையும் மயிரையும் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சிவிங்கிப்புலிகளுக்கு ஒரு காலம் எலும்பில்லாத மாட்டிறைச்சியும் ஒரு காலம் முழு முயலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். முழு முயல் தின்றபோது குடலில் அழுகலால் உண்டாகும் தீங்கான சேர்மங்கள் குறைந்தன. எலும்பு, குருத்தெலும்பு, மயிர் ஆகியவை ஊனுண்ணிக்கு ‘விலங்கு நார்’ போல வேலை செய்கின்றன என்பது அவர்கள் கருத்து. ஃபெரெட்டின் குடல் சிவிங்கிப்புலியின் குடலைவிட எளிமையானது, அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் முழு இரை என்பது இறைச்சியின் கூட்டுத்தொகை மட்டும் அல்ல என்பதை அது காட்டுகிறது.

வெறும் சதையில் என்ன குறை? 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில் இருக்கும், கால்சியமோ 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ஊனுண்ணிக்கு வேண்டியது ஏறக்குறைய சமம், கால்சியம் சற்றுக் கூடுதல். ஒன்றுக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு இருபது வந்தால் உடம்பு சும்மா இருக்காது. ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பாற்றப் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைக்கத் தொடங்கும். வளரும் குட்டிகளின் கால் வளையும், இடுப்பு தளரும், தாடை மென்மையாகும், தாவிக் குதித்தாலே எலும்பு முறியும். சதை மட்டும் கொடுத்து வளர்க்கப்பட்ட சிங்கக் குட்டிகளிடமும் பூனைக் குட்டிகளிடமும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட நோய் இது. ஃபெரெட்டுக்கும் விதிவிலக்கில்லை.

டாரின் கதையைப் பூனைகள்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தன. 1975இல், டாரின் இல்லாத உணவு தின்ற பூனைகளின் விழித்திரை சிதைவதைக் கண்டுபிடித்தார்கள். 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வாளர் பால் பயானும் அவருடைய குழுவினரும், பூனைகளின் இதயம் பலூன்போல விரிந்து தளர்ந்துபோகும் நோய்க்கும் அதுவே காரணம் என்றும், டாரின் கொடுத்தால் இதயம் தேறுகிறது என்றும் காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது ‘முழுமையான சத்துணவு’ என்று விற்கப்பட்ட உணவுதான். ஃபெரெட்டின் டாரின் தேவை இவ்வளவு என்று தனியே அளந்து நிறுவப்படவில்லை. பூனை, மிங்க் ஆகியவற்றின் கணக்கையே ஃபெரெட்டுக்கும் பொருத்துகிறோம். ஆகவே குறைவைத்துப் பார்க்க இது இடம் இல்லை. இதயத்திலும் தொடைக்கறியிலும் டாரின் அதிகம், வெள்ளை நெஞ்சுக்கறியில் குறைவு. அது நீரில் கரைவது என்பதால் கழுவிக் கொட்டும் தண்ணீரோடும் போய்விடும்.

ஈரல் நேர்மாறான சிக்கல். 100 கிராம் மாட்டு ஈரலில் ஏறத்தாழ 17,000 அலகு வைட்டமின் ஏ இருக்கிறது. விருப்பமாகத் தின்கிறதே என்று தினமும் ஈரலாகக் கொடுத்தால் அந்த வைட்டமின் உடலில் தேங்கி, மூட்டும் எலும்பும் இறுகிப்போகும். முற்றிலும் விட்டுவிட்டாலும் குறை வரும். மீனிலும் கவனம் வேண்டும். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் சாஸ்டெக் என்பவருடைய வெள்ளிநரிப் பண்ணையில் நரிகள் கால் விளங்காமல் விழுந்து இறந்தன. பச்சைக் கெண்டை மீனைத் தீவனத்தில் சேர்த்ததே காரணம் என்று தெரியவந்தது. அந்த மீனில் தயாமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். இன்றும் அந்நோய்க்குச் ‘சாஸ்டெக் வாதம்’ என்றே பெயர். மிங்க் பண்ணைகளும் இதே பாடத்தைப் பின்னர் இழப்போடு கற்றன.

முழு எலியோ காடையோ கிடைக்காதவர்கள் துண்டுகளைச் சேர்த்து ஒரு முழு இரையை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. எடையில் முக்கால் பங்கு சதை, அதற்குள் இதயம் 10 முதல் 15 சதவீதம். தின்னக்கூடிய எலும்பு 10 முதல் 15 சதவீதம். உள்ளுறுப்பு 10 சதவீதம், அதில் பாதி ஈரல், மறுபாதி சிறுநீரகம், மண்ணீரல் போன்றவை. 1 கிலோ எடையுள்ள ஃபெரெட் நாளொன்றுக்கு 80 கிராம் தின்றால் வாரத்துக்கு 560 கிராம். அதில் ஈரல் 28 கிராம், அவ்வளவே. ஒவ்வொரு தட்டும் சமநிலையில் இருக்க வேண்டியதில்லை, வாரக்கணக்கு சரியாக இருந்தால் போதும். ஒரே விலங்கின் இறைச்சியில் நிற்காமல் கோழி, முயல், வாத்து, ஆடு, மாடு என்று மாற்றிக்கொண்டே இருப்பதும் இந்தக் கணக்கின் ஒரு பகுதி. கோழி ஈரலில் குறைவது ஆட்டு ஈரலில் இருக்கும்.

இவ்வளவு நல்ல உணவைத் தட்டில் வைத்தால் ஃபெரெட் ஓடி வந்து தின்னும் என்று நினைப்போம். பெரும்பாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். காரணம் அதன் மூக்கு. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ரைமுண்ட் அப்ஃபெல்பாக் 1970களில் போல்கேட், ஃபெரெட் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு தெளிவான உண்மை வெளிப்பட்டது. பிறந்து இரண்டாம் மாத முடிவிலிருந்து மூன்றாம் மாத முடிவு வரை, அதாவது சுமார் 60ஆம் நாளிலிருந்து 90ஆம் நாள் வரை எந்த இரையின் மணத்தோடு பழகுகின்றனவோ அதையே பின்னாளில் தேடுகின்றன. அந்த நாட்களில் எலியைத் தெரியாத குட்டிக்கு, வளர்ந்தபின் எலியின் வாடை பசியைத் தூண்டாது. பண்ணையிலிருந்து வரும் குட்டிகள் அந்த ஒரு மாதத்தை ஊறவைத்த உருண்டைகளோடு கழித்தவை. அவற்றின் மூளையில் உணவு என்றால் அந்த வாடைதான்.

இதன் முக்கியத்துவம் அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட்டைக் காப்பாற்றும் பணியில் நன்றாகத் தெரிந்தது. அழிந்துவிட்டதென்று கருதப்பட்ட அந்தக் காட்டினம் 1981இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி ஊருக்கு அருகே மீண்டும் தென்பட்டது. பண்ணை நாய் ஒன்று இறந்த ஃபெரெட்டைக் கவ்விக்கொண்டு வந்ததால் தெரிந்த செய்தி அது. நோய்கள் அந்தக் கூட்டத்தைத் தாக்க, 1987க்குள் மிஞ்சிய 18 விலங்குகளும் பிடிக்கப்பட்டு இனப்பெருக்கக் கூடங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. காட்டில் அவற்றின் உணவில் பத்தில் ஒன்பது பங்கு பிரெய்ரி நாய் எனப்படும் வளைவாழ் அணில்கள். கூண்டில் வேறு உணவு தின்று வளர்ந்த குட்டிகளைக் காட்டில் விட்டால் என்ன ஆகும்? 1990களில் வார்காஸ், ஆண்டர்சன் ஆகியோர் செய்த ஆய்வில், இளம் வயதில் பிரெய்ரி நாயின் இறைச்சியோடு பழகிய குட்டிகளே வளர்ந்தபின் அதை விரும்பித் தின்றன. அதனால் இன்று விடுவிப்பதற்கு முன்பே குட்டிகளை வளை அமைந்த திறந்த கொட்டில்களில் விட்டு, உண்மையான இரையோடு பழக்குகிறார்கள். அப்படிப் பழகியவை காட்டில் கூடுதலாக உயிர்பிழைக்கின்றன.

வீட்டு ஃபெரெட்டை மாற்றும்போதும் நாம் எதிர்கொள்வது பிடிவாதம் அல்ல, குட்டிப் பருவத்தில் பதிந்த மணம் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்று நாய்க்குச் சொல்வதை இங்கே சொல்லக் கூடாது. ஃபெரெட்டை ஒரு நாள் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை சரியும், கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். இன்சுலினோமா மறைந்திருக்கும் ஃபெரெட் வலிப்பில் விழலாம். பழைய உணவை மூன்று, நான்கு மணி நேரம் எடுத்து வைத்துவிட்டு, குடல் காலியான அந்த நேரத்தில் புதியதைக் காட்டலாம். தின்னவில்லையென்றால் பழையதையே கொடுத்துவிட்டு அடுத்த வேளை மீண்டும் முயலலாம்.

மாற்றத்தைத் தொடங்குவதற்குமுன் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது, அதுவும் மூன்று, நான்கு வயது தாண்டியிருந்தால் கட்டாயம். பிறகு முதல் படி கூழ். ஏற்கெனவே தின்னும் உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, எலும்போடு சேர்த்து அரைத்த பச்சைக் கோழிக்கறியைச் சிறிதளவு கலக்க வேண்டும். உடல் சூடு இருக்கட்டும். குளிர்பெட்டிக் குளிரில் மணம் எழும்பாது, ஃபெரெட்டுக்கோ மணம்தான் எல்லாம். விரலில் தொட்டு உதட்டில் தடவினால் நக்கும். நக்கியது பிடித்துவிட்டால் விரலிலிருந்து கரண்டிக்கும் கரண்டியிலிருந்து தட்டுக்கும் போகலாம். சில ஃபெரெட்டுகள் இரண்டு நாளில் ஏற்றுக்கொள்ளும், சில மாதக்கணக்கில் இழுக்கும். கூழில் கறியின் பங்கு கூடக்கூட உருண்டையின் பங்கு குறைய வேண்டும். ஒரே இறைச்சியில் தொடங்கி, வயிறு பழகியபின் இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். ஈரலைக் கடைசியில் நகத்தளவு சேர்ப்பது நல்லது, முதல் நாளே கொடுத்தால் கழிச்சல் வரும்.

கூழிலேயே நின்றுவிடுவது பலர் செய்யும் தவறு. கத்தரிப் பற்களுக்கும் ஈறுக்கும் தாடைத் தசைக்கும் வேலை கிடைப்பது தோலையும் நரம்பையும் இழுத்து வெட்டும்போதுதான். கொத்துக்கறி, அப்புறம் விரலளவு துண்டுகள், அப்புறம் கோழியின் கழுத்து, விலா, இறக்கை நுனி போன்ற மெல்லிய எலும்புகள் என்று ஏற வேண்டும். எலும்பு பச்சையாகவே இருக்க வேண்டும். வெந்த எலும்பு கூரிய சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். மாட்டுக் கால் எலும்பு போன்ற கனத்தவை கோரைப்பல்லை உடைக்கும். முழு எலியைக் கடைசியாகக் காட்டலாம். உருகவைத்த எலியின் வயிற்றைக் கீறி, பழகிய கூழை அதன்மேல் தடவிக் கொடுத்தால் உள்ளே இருப்பதும் உணவுதான் என்று புரிந்துகொள்ளும். மயிர் முளைக்காத எலிக்குஞ்சுகளை மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, அவற்றின் எலும்பு முதிராததால் கால்சியம் குறைவு. உயிருள்ள எலியை விட்டு வேடிக்கை பார்ப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. எலிக்கு அது வதை, ஃபெரெட்டுக்குக் கடிக்காயம். நோவில்லாமல் கொன்று உறையவைத்து விற்கப்படும் இரையே போதும்.

மாற்றம் நடக்கும் இந்தக் காலத்தில் தினமும் பார்க்க வேண்டியது மலம், வாரந்தோறும் பார்க்க வேண்டியது எடை. குடல் இவ்வளவு வேகமாக இயங்குவதால் காலையில் கொடுத்தது ஒத்துக்கொண்டதா என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். பச்சை உணவுக்கு மாறியபின் மலத்தின் அளவும் நாற்றமும் குறையும். வெளிறி உலர்ந்து பொடிந்தால் எலும்பு கூடிவிட்டது. கருமையாகத் தளர்ந்தால் உள்ளுறுப்பு கூடியிருக்கலாம். பச்சை நிறச் சளியாக இருந்தால் குடல் அழற்சி. தார்போலக் கறுத்து ஒட்டினால் இரைப்பையில் ரத்தக்கசிவு இருக்கிறது என்று பொருள், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எடையைப் பார்க்கும்போது பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஃபெரெட் இலையுதிர் காலத்தில் கொழுத்து வசந்தத்தில் மெலியும். வசந்தத்தின் இயல்பான மெலிவையும் உணவு ஒத்துக்கொள்ளாத மெலிவையும் பிரித்தறிய, முந்தைய ஆண்டின் குறிப்பேடு இருந்தால் பேருதவி.

கிருமி பற்றிய அச்சத்தைப் பச்சை உணவின் ஆதரவாளர்கள் பலர் ஒதுக்கித்தள்ளுகிறார்கள். அது பொறுப்பல்ல. ஃபெரெட்டின் வயிற்று அமிலமும் வேகக் குடலும் சால்மோனெல்லாவைச் சமாளித்துவிடக்கூடும். ஆனால் அதே கிண்ணத்தைத் தொடும் குழந்தைக்கும் வீட்டுப் பாட்டிக்கும் கர்ப்பிணிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கேதான் ஒளித்து வைக்கும் பழக்கம் முன்னால் வந்து நிற்கிறது. சோஃபாவுக்கு அடியில் மூன்று நாள் கிடந்த கோழித்துண்டு வீட்டுக்கே ஆபத்து. கூண்டுக்குள், கழுவக்கூடிய தட்டில், கண்முன் கொடுத்து மிச்சத்தை ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். உறையவைப்பது ஒட்டுண்ணிகள் பலவற்றைக் கொல்லும், பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லாது. பச்சைப் பன்றி இறைச்சியை விலக்குவது நல்லது. பன்றிகளிடம் பரவும் ஆயெஸ்கி நோய் இந்தக் குடும்பத்து விலங்குகளுக்கு உயிர்க்கொல்லி.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை இன்ஃப்ளூயன்சா காய்ச்சல். 1933இல் லண்டனின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் மனிதரின் இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தது ஃபெரெட்டுகளின் உதவியால்தான். நோயாளியின் தொண்டைக் கழுவலை ஃபெரெட்டின் மூக்கில் விட்டார்கள், அதற்கும் நம்மைப்போலவே காய்ச்சலும் தும்மலும் வந்தன. சில ஆண்டுகளில், ஃபெரெட்டிடமிருந்து ஆய்வாளர் ஒருவருக்கே இன்ஃப்ளூயன்சா தொற்றியதும் பதிவானது. இன்றுவரை உலகெங்கும் இன்ஃப்ளூயன்சா ஆய்வின் முதன்மை விலங்கு ஃபெரெட்டே. அதன் மூச்சுக்குழாய் மனிதக் காய்ச்சல் வைரஸுக்கும் பறவைக் காய்ச்சல் வைரஸுக்கும் அவ்வளவு எளிதாக இடம் கொடுக்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பச்சை வான்கோழி இறைச்சி உணவு தின்ற வீட்டுப் பூனை எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றி இறந்தது. உணவில் இருந்த வைரஸும் பூனையிடம் இருந்ததும் ஒன்றே என்று மரபணுச் சோதனை காட்டியது. பூனைக்கு நேர்ந்தது ஃபெரெட்டுக்கு நேராது என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. உங்கள் பகுதியில் பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் கோழி, வாத்து, காடை, வான்கோழியைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். முயலும் ஆய்வகத் தரத்தில் வளர்த்த எலியும் கிடைத்தால் அவற்றுக்கு மாறுங்கள். இல்லையேல் எலும்பு நீக்கிய கோழிக்கறியை வேகவைத்து, அந்தச் சாற்றையும் சேர்த்து, கால்சியத்துக்கு முட்டை ஓட்டுப் பொடியும் தனியே டாரினும் கலந்து அந்தக் காலத்தைக் கடத்துங்கள். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரந்தோறும் எலும்பும் ஈரலும் இதயமும் தேடி வாங்க உங்களால் முடியும், எடைத்தராசும் குறிப்பேடும் வைத்துக்கொள்ள நேரம் இருக்கிறது, வீட்டில் கைக்குழந்தையோ நோயெதிர்ப்பு குன்றியவரோ இல்லை என்றால் முழு இரைக்கு மாறுங்கள். உங்கள் ஃபெரெட்டின் பல்லும் தசையும் மயிரும் அதைக் காட்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் எலும்பில்லாக் கோழிக்கறி மட்டும்தான் உங்களால் முடியும் என்றால் மாறாதீர்கள். விலங்குப் புரதம் முதலிடத்திலும் மாவுச்சத்து கடைசியிலும் இருக்கும் நல்ல உலர் உணவோ டின் உணவோ தேர்ந்தெடுத்து, வாரத்தில் சில நாள் ஒரு கோழி இதயத்தையும் ஓர் இறக்கை நுனியையும் சேர்த்துக் கொடுங்கள். அதுவே அந்த ஃபெரெட்டுக்குப் பாதுகாப்பான வழி.